ஒரே ஒரு ஊர்வன வளர்க்கலாம் என்றால் எது? குளுவாங் வீட்டுக்கு ஏற்ற தேர்வும் சட்டம் சொல்வதும்

குளுவாங்கில் உடும்பைப் பார்க்க மிருகக்காட்சி சாலைக்குப் போக வேண்டியதில்லை. ஆற்றோரமாகவோ பெரிய வடிகால் ஓரமாகவோ கொஞ்ச நேரம் நின்றாலே போதும். தோட்டத்தில் வேலை பார்த்த தாத்தா பாட்டி இருக்கும் வீட்டில் மலைப்பாம்புக் கதை ஒன்றாவது இருக்கும். ஆனால் அதே வீட்டுப் பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் பார்ப்பது வேறு. மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி போட்ட பல்லி, கையில் சுருண்டு படுக்கும் பாம்பு, உள்ளங்கையில் அடங்கும் குட்டி ஆமை என்று காணொலிகள் வந்துகொண்டே இருக்கின்றன. கீழே விலையும் இருக்கிறது, "பி.எம். பண்ணுங்க" என்ற வரியும் இருக்கிறது.

அம்மாவிடம் கேட்டால் முதல் பதில், "வீட்டுக்குள்ள பாம்பா?" என்பதாகத்தான் இருக்கும். ரொம்பக் கெஞ்சினால், "சரி, ஒண்ணே ஒண்ணுதான்" என்று இறங்கி வரலாம்.

அந்த ஒன்று எது? பிடித்ததை வாங்கினால் முடிந்ததுதானே என்று தோன்றும். ஆனால் உங்கள் விருப்பத்தோடு சேர்த்து நான்கு கேள்விகளுக்குப் பதில் வேண்டும். அந்த விலங்கு எங்கிருந்து வந்தது? சட்டம் அனுமதிக்கிறதா? வளர்ந்தால் எவ்வளவு பெரிதாகும்? எத்தனை ஆண்டு வாழும்? இந்த நான்கையும் வைத்து, சந்தையில் அதிகம் பேசப்படும் ஊர்வனவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இது ஏன் செய்தியாகிறது?

ஊர்வன வளர்ப்பு தனிப்பட்ட பொழுதுபோக்கு போலத் தெரியும். அதன் பின்னால் பெரிய கடத்தல் வணிகம் ஒன்றும் ஓடுகிறது. அதில் மலேசியாவின் பெயர் அடிக்கடி அடிபடுகிறது. தமிழர்கள் அதிகம் பயணிக்கும் வழித்தடங்களும் அதில் உண்டு.

2023 ஏப்ரல் 28 அன்று கோலாலம்பூரிலிருந்து சென்னை விமான நிலையத்தில் இறங்கிய ஒரு பெண்ணின் பெட்டியைச் சுங்கத் துறையினர் திறந்தார்கள். உள்ளே பல்வேறு இனங்களைச் சேர்ந்த 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும் இருந்தன. டப்பாக்களிலிருந்து பாம்புகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்த அந்தக் காணொலியை நீங்களும் பார்த்திருக்கலாம். அதே ஆண்டு ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்குப் போன ஒரு பயணியிடம் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் பிடிபட்டன.

2019 ஜூனில் கே.எல்.ஐ.ஏ.வில் நடந்தது இன்னொன்று. சீனாவின் குவாங்சோவிலிருந்து வந்த இரண்டு இந்தியப் பிரஜைகளின் பைகளில் 5,255 சிவப்புக் காது ஆமைக் குஞ்சுகள் இருந்தன. சிறு கூடைகளில் அடுக்கி வைக்கப்பட்ட உயிருள்ள குஞ்சுகள்.

இவற்றுக்கெல்லாம் முன்பு, 2010 ஆகஸ்டில், 'பல்லி ராஜா' என்று உலக ஊடகங்கள் அழைத்த பினாங்கு வணிகர் அன்சன் வோங் கே.எல்.ஐ.ஏ.வில் சிக்கினார். பினாங்கிலிருந்து ஜகார்த்தாவுக்குப் போய்க்கொண்டிருந்த அவருடைய பெட்டி உடைந்து, உள்ளே இருந்த 95 போவா பாம்புகள் வெளிச்சத்துக்கு வந்தன. முதலில் கிடைத்தது 6 மாதச் சிறையும் 190,000 ரிங்கிட் அபராதமும். இது போதாது என்று அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்ய, உயர் நீதிமன்றம் அதை 5 ஆண்டாக உயர்த்தியது. 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையைக் குறைத்ததால் சுமார் 17 மாதங்களில் அவர் வெளியே வந்தார். விலங்குக் கடத்தலுக்கான தண்டனை போதுமா என்ற விவாதத்தை நாட்டில் சூடாக்கிய வழக்கு அது.

இந்த விலங்குகள் எல்லாம் யாருக்காகப் போகின்றன? கடைசியில் ஒரு வீட்டுக் கண்ணாடித் தொட்டிக்குத்தான். குளுவாங்கில் ஒருவர் "இது எங்கே இருந்து வந்துச்சு?" என்று கேட்காமல் வாங்கினால், அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி அவராகவே இருக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

தீபகற்ப மலேசியாவில் இதற்கான முதன்மைச் சட்டம் 2010 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 716. பழைய 1972 சட்டத்துக்குப் பதிலாக இது 2010 டிசம்பர் 28 அன்று நடப்புக்கு வந்தது. வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையான பெர்ஹிலித்தான் இதை அமல்படுத்துகிறது. சபாவுக்கும் சரவாக்குக்கும் தனிச் சட்டங்கள் உண்டு.

இந்தச் சட்டத்தில் இரண்டு முக்கியப் பிரிவுகள் இருக்கின்றன. முதலாவது 'பாதுகாக்கப்பட்ட' விலங்குகள். இவற்றை உரிமம் இருந்தால் மட்டுமே வைத்திருக்கலாம். இரண்டாவது 'முழுமையாகப் பாதுகாக்கப்பட்ட' விலங்குகள். இவற்றுக்குச் சிறப்பு அனுமதி வேண்டும். ஆசைக்கு வீட்டில் வளர்க்கிறேன் என்று கேட்டு எளிதில் வாங்கிவிடக்கூடிய அனுமதி அல்ல அது.

வெளிநாட்டு இனங்களுக்கு இன்னொரு சட்டமும் சேர்ந்து வரும். அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் அனைத்துலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தை மலேசியாவில் நடைமுறைப்படுத்துவது 2008ஆம் ஆண்டின் சட்டம் 686. சைட்டிஸ் முதல் பட்டியலில் உள்ள இனங்களைக் காட்டிலிருந்து பிடித்து வணிகம் செய்ய முடியாது. இரண்டாம் பட்டியலில் உள்ளவற்றுக்கு முறையான ஏற்றுமதி, இறக்குமதி ஆவணங்கள் வேண்டும்.

தண்டனை எவ்வளவு? 2010 சட்டத்தின்படியே, பாதுகாக்கப்பட்ட விலங்கை உரிமமின்றி வைத்திருந்தால் 50,000 ரிங்கிட் வரை அபராதமும் 2 ஆண்டு வரை சிறையும் விதிக்க இடம் இருந்தது. 2022இல் வந்த திருத்தம் தண்டனைகளை மேலும் கடுமையாக்கியது. மிக மோசமான குற்றங்களுக்கு 10 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 15 ஆண்டு வரை சிறை என்று உச்சவரம்பு ஏறியது. இணையத்தில் சட்டவிரோதமாக விளம்பரம் செய்வதும் அந்தத் திருத்தத்தில் குற்றமாகச் சேர்க்கப்பட்டது. அதனால், நண்பருக்காக ஃபேஸ்புக்கில் "பாம்பு விற்பனைக்கு" என்று ஒரு படம் போட்டுக் கொடுப்பதும் விளையாட்டு இல்லை.

"தெரியாம வாங்கிட்டேன்" என்று சொல்லி எளிதில் தப்பிக்க முடியாது. வாங்குகிற விலங்கின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்பதைக் காசு கொடுப்பதற்கு முன்பே நீங்கள்தான் உறுதி செய்ய வேண்டும். பட்டியல்கள் அவ்வப்போது மாறும். ஐந்து வருடம் முன்பு யாரோ எழுதிய பதிவை நம்பாமல் பெர்ஹிலித்தானையே கேட்பது நல்லது. அழைப்பு எண் 1-800-88-5151.

தோட்டத்திலேயே கிடைக்கிறதே, பிடித்து வளர்க்கலாமா?

கூடாது. ஜொகூர்ப் பிள்ளைகளுக்கு வரும் முதல் சபலமே இதுதான். செம்பனைத் தோட்டத்தில் மலைப்பாம்புக் குட்டி ஒன்று கண்ணில் பட்டால் "இலவசம்தானே" என்று தோன்றும். ஆனால் நம் ஊர் மலைப்பாம்பும் நீர் உடும்பும் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இருக்கின்றன. உரிமம் இல்லாமல் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம்.

சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் இது வீட்டுக்குள் அடங்கும் பிராணி இல்லை. நம் காடுகளில் வாழும் வலைத்தோல் மலைப்பாம்புதான் உலகிலேயே மிக நீளமாக வளரும் பாம்பு. 2016 ஏப்ரலில் பினாங்கின் பாயா தெருபோங்கில் ஒரு கட்டுமான இடத்தில் பிடிபட்ட பாம்பு சுமார் 8 மீட்டர் இருந்ததாகச் சொன்னார்கள். நம் ஜொகூரிலேயே, 1995இல் செகாமட் பகுதியில் ரப்பர் மரம் சீவும் 29 வயது இளைஞர் ஒருவரை மலைப்பாம்பு சுற்றிக் கொன்றது. குட்டியாக இருக்கும்போது கையில் சுற்றிக்கொள்ளும் அதே இனம்தான் இது.

தோட்டத்தில் விட்டு வைத்தால் அதற்கு ஒரு வேலையும் இருக்கிறது. செம்பனைப் பழத்தைத் தின்று நட்டம் உண்டாக்கும் எலிகளைப் பாம்புகள் தின்கின்றன. குட்டியைப் பார்த்தால் ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டால் குடிமைத் தற்காப்புப் படையையோ தீயணைப்புத் துறையையோ அழையுங்கள்.

இனி கடையில் கிடைப்பவற்றைப் பார்ப்போம்.

சிவப்புக் காது ஆமை: மலிவு, ஆனால் கடைசித் தேர்வு

"ஊர்வன வேணாம், ஆமை மட்டும் வாங்கிக் கொடுக்கிறேன்" என்று பெற்றோர் சமாதானம் சொல்வது இதை வைத்துத்தான். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு போட்ட, ஐம்பது காசு நாணயத்தைவிடச் சற்றே பெரிய குஞ்சு. கையில் இருக்கும் சில்லறைக்கே கிடைக்கும். பிளாஸ்டிக் தென்னை மரம் வைத்த ஒரு சின்னத் தொட்டியும் கூடவே வரும்.

அந்தத் தொட்டி ஒரு வருடத்துக்குக்கூடப் போதாது. பெண் ஆமையின் ஓடு 25 சென்டிமீட்டரையும் தாண்டி வளரும். நல்ல கவனிப்பில் 30 ஆண்டு வரை வாழும். வடிகட்டியோடு பெரிய நீர்த்தொட்டி, ஏறி உட்கார மேடை, புற ஊதா விளக்கு எல்லாம் வேண்டும். தண்ணீரை மாற்றாமல் விட்டால் வீடே நாறும். இரண்டாம் வருடத்தில் அலுத்துப்போய், ஒரு நாள் சாயங்காலம் யாரோ அதை மெங்கிபோல் ஆற்றிலோ கோயில் குளத்திலோ விட்டுவிட்டு வருவார்கள். பாவம் செய்யவில்லை, புண்ணியம் செய்தோம் என்ற நினைப்பும் இருக்கும்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. இந்த ஆமை அமெரிக்காவின் மிசிசிப்பிப் பகுதியைச் சேர்ந்தது. உலகின் மிக மோசமான 100 ஊடுருவும் உயிரினங்களின் பட்டியலில் இதுவும் உண்டு. நம் ஆற்றில் விட்டால், உள்ளூர் ஆமைகளோடு உணவுக்கும் வெயில் காயும் இடத்துக்கும் போட்டி போடும். ஐரோப்பிய ஒன்றியம் 1997இலேயே இதன் இறக்குமதிக்குத் தடை போட்டது. ஜப்பான் 2023 ஜூன் முதல் இதை விற்பதையும் வெளியே விடுவதையும் தடை செய்தது. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் தொடர்ந்து வளர்க்கலாம் என்று மட்டும் விட்டது.

இன்னொரு காரணம் உடல்நலம். ஊர்வனவற்றின் குடலில் சால்மோனெல்லா என்ற நுண்ணுயிர் இருக்கக்கூடும். சிறு குழந்தைகள் ஆமைக் குஞ்சை வாயில் வைத்து, கடும் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்ததால்தான், ஓடு 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளைச் செல்லப்பிராணியாக விற்க அமெரிக்கா 1975இல் தடை போட்டது. நம் கடைகளில் குழந்தைகளுக்கென்றே காட்டப்படுவது அந்தச் சின்ன ஆமைதான்.

நில ஆமை: உங்களைவிட அதிக நாள் வாழலாம்

சுல்காத்தா என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆப்பிரிக்காவின் சஹாரா ஓரத்து நில ஆமை. குட்டியாக இருக்கும்போது உள்ளங்கையில் உட்காரும். வளர்ந்தால் 40 கிலோவுக்கும் மேல் போகும். ஆயுள் 70 ஆண்டுக்கும் மேல். இருபது வயதில் வாங்கினால் உங்கள் பேரப்பிள்ளைக்கு எழுதி வைக்க வேண்டி வரும். தாமான் வீட்டின் முன்வாசல் அதற்குப் போதாது. மண்ணைத் தோண்டும், வேலியை முட்டித் தள்ளும்.

நட்சத்திர ஆமையில் இன்னும் கவனம் வேண்டும். ஓட்டில் நட்சத்திரக் கோலம் போட்டது போல இருக்கும் இந்த இனத்தின் தாயகம் இந்தியா, இலங்கை, பாகிஸ்தான். தமிழ்நாட்டின் வறண்ட காடுகளிலும் உண்டு. அழகே அதற்கு எதிரியாகிவிட்டது. காட்டிலிருந்து ஆயிரக்கணக்கில் பிடித்துத் தென்கிழக்கு ஆசியாவுக்குக் கடத்தியதால், 2019இல் ஜெனிவாவில் நடந்த சைட்டிஸ் மாநாடு இதை முதல் பட்டியலுக்கு உயர்த்தியது. ஆவணம் எதுவும் இல்லாமல் யாராவது "இந்தியன் ஸ்டார், நல்ல விலை" என்றால், அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள்.

பச்சை இகுவானா: தொட்டிக்குள் அடங்காது

பச்சைக் குட்டியாக விற்கப்படும் இகுவானா வாலோடு சேர்த்து ஒன்றரை மீட்டருக்கு மேல் வளரும். அதற்கு ஓர் அறையே வேண்டும். கோபம் வந்தால் வாலால் சாட்டை போல அடிக்கும். தப்பித்தால் நம் வெயிலும் மழையும் அதற்குச் சொந்த ஊர் மாதிரி. தைவான் இவற்றைக் கட்டுப்படுத்தப் பல ஆண்டுகளாகப் போராடுகிறது. தாய்லாந்து 2023இல் இறக்குமதியைத் தடை செய்து, லோப்புரியில் சுற்றித் திரிந்தவற்றைப் பிடிக்கத் தொடங்கியது. சிங்கப்பூரிலும் வெளியே உலவுகின்றன. ஜொகூர் அடுத்த இடமாக வேண்டாம்.

பால் பைத்தான்: நல்ல குணம், நீண்ட கடமை

பாம்புதான் வேண்டும் என்பவர்களுக்கு உலகம் முழுக்கச் சிபாரிசு செய்யப்படுவது இதுதான். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சின்ன மலைப்பாம்பு. பெரும்பாலும் ஒன்றரை மீட்டருக்குள் அடங்கும். விஷம் இல்லை. பயந்தால் கடிப்பதைவிடப் பந்து போலச் சுருண்டுகொள்வதே அதிகம்.

இதில் மூன்று விஷயங்களை யோசிக்க வேண்டும். முதலாவது ஆயுள். 20, 30 ஆண்டு சாதாரணம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சி சாலையில் 60 வயதைத் தாண்டிய ஒரு பால் பைத்தான் 2020இல் முட்டையிட்டுச் செய்தியானது. இரண்டாவது உணவு. உறைய வைத்த எலியைத்தான் கொடுக்க வேண்டும். அது எந்தக் குளிர்பெட்டியில் இருக்கப் போகிறது என்று வீட்டில் பேசிவிட்டீர்களா? சில சமயம் வாரக்கணக்கில் சாப்பிடாமலும் இருக்கும். மூன்றாவது மூலம். சைட்டிஸ் இரண்டாம் பட்டியலில் உள்ள இனம் இது. கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து வருபவற்றில் பலவும் காட்டில் எடுத்த முட்டைகளிலிருந்தும் சினைப் பாம்புகளிலிருந்தும் வந்தவை. ஆவணத்தோடு பண்ணையில் பிறந்தது, வீட்டில் எல்லோரும் சம்மதம் என்றால் மட்டும் இரண்டாவது இடம் கொடுக்கலாம்.

லெப்பர்ட் கெக்கோ: அந்த 'ஒண்ணே ஒண்ணு'

ஒன்றே ஒன்று என்றால், குளுவாங்கின் சாதாரண வீட்டுக்கு நம் கணக்கில் முதலில் வருவது லெப்பர்ட் கெக்கோ என்ற சிறுத்தைப் பல்லி. காரணங்கள் இவை.

அளவு: வாலோடு சேர்த்து 20 முதல் 25 சென்டிமீட்டர். சுமார் 90 சென்டிமீட்டர் நீளத் தொட்டி ஆயுள் முழுக்கப் போதும்.

மூலம்: பல தலைமுறையாகப் பண்ணைகளிலேயே இனப்பெருக்கம் செய்யப்படுகிறது. காட்டிலிருந்து பிடிக்க வேண்டிய தேவையே இல்லை.

குணம்: தனியாக வாழும் பிராணி. துணை இல்லையே என்று ஏங்காது. இரண்டு ஆண் பல்லிகளை ஒன்றாகப் போட்டால் சண்டைதான் வரும். "ஒண்ணுதான்" என்ற அம்மாவின் நிபந்தனை இதற்குப் பொருத்தம். சுவரில் ஒட்டும் பாதமும் இதற்கு இல்லை, அதனால் நம் வீட்டுப் பல்லி மாதிரி கூரைக்கு ஏறி மறையாது. கண் இமைகளும் உண்டு, தூங்கும்போது மூடிக்கொள்ளும்.

ஆயுள்: 10 முதல் 20 ஆண்டு. நீண்ட காலம்தான். ஆனாலும் ஆமையைப் போலப் பரம்பரைச் சொத்தாகாது.

ஆனால் குளுவாங்கின் வானிலை அதன் ஊர் வானிலை இல்லை. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியாவின் வறண்ட பாறை நிலங்கள்தான் அதன் தாயகம். நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் நாள்கள் ஏராளம். காற்றோட்டம் இல்லாத கண்ணாடித் தொட்டியில் அடைத்தால் நுரையீரல் தொற்று வரலாம். மேல்மூடியும் பக்கவாட்டும் வலையாக இருக்கட்டும். தோல் உரிக்கும் காலத்துக்கு மட்டும் ஈரப் பாசி வைத்த ஒரு சிறு பெட்டி உள்ளே இருந்தால் போதும்.

வெப்பத்தைப் பொறுத்தவரை நமக்கு ஒரு வசதி. குளிர் நாட்டுக்காரர்கள் போல நாள் முழுக்கத் தொட்டியைச் சூடாக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு பக்கம் தரை 32 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக இருக்க வேண்டும், அதைத் தெர்மோஸ்டாட் கட்டுப்படுத்த வேண்டும். இரவு முழுக்க ஏர்கோன் ஓடும் அறையில் வைத்தால் இது இன்னும் முக்கியம். வயிற்றில் சூடு இல்லை என்றால் சாப்பிட்டது செரிக்காது.

உணவு உயிருள்ள பூச்சிகள். சிள்வண்டு, மாவுப்புழு போன்றவை பறவைத் தீனிக் கடைகளிலும் கிடைக்கும். கால்சியம் தூளில் புரட்டிக் கொடுக்காவிட்டால் எலும்பு வளைந்துவிடும். வீட்டில் பிடித்த கரப்பானைப் போடாதீர்கள். பக்கத்து வீட்டில் மருந்து அடித்திருக்கலாம்.

நிறத்துக்காக அதிக விலை கொடுப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். 'எனிக்மா' என்ற வகையில் நரம்புக் கோளாறு வருகிறது, தலை சாய்ந்து வட்டமடிக்கும். 'லெமன் ஃப்ராஸ்ட்' வகையில் தோலில் கட்டிகள் வருகின்றன. இரண்டும் மரபணுவிலேயே இருப்பவை. சாதாரண மஞ்சள் புள்ளி வகை மலிவும் கூட, ஆரோக்கியமும் கூட.

வீட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையோ கர்ப்பிணியோ நோய் எதிர்ப்பு குறைந்த முதியவரோ இருந்தால், இந்தப் பல்லியையும் சேர்த்து எந்த ஊர்வனவும் இப்போதைக்கு வேண்டாம். மற்றவர்கள் தொட்ட பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். தொட்டியைச் சமையலறைத் தொட்டியில் கழுவவே கூடாது.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

விற்பவரிடம் இவற்றைக் கேளுங்கள்:

• எங்கே பிறந்தது, தாய் தந்தையைக் காட்ட முடியுமா?
• வனவிலங்கு விற்பதற்கான உரிமம் கடைக்கு இருக்கிறதா?
• இந்த இனத்துக்கு நான் பெர்ஹிலித்தானிடம் உரிமம் எடுக்க வேண்டுமா? இதை விற்பவர் சொன்னாலும் நீங்களும் அழைத்து உறுதி செய்யுங்கள்.
• ரசீதில் இனத்தின் பெயரை எழுதித் தருவீர்களா?
• என் கண் முன்னால் அது சாப்பிடுமா?

"பேப்பர் எல்லாம் தேவையில்ல பிரதர், கூரியர்ல அனுப்பிடுறேன்" என்று பதில் வந்தால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

உங்களிடமும் சில கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும். ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர் எங்கே இருக்கிறார்? ஜொகூர் பாரு வரை போக வேண்டி வந்தால் யார் கூட்டிக்கொண்டு போவார்? தைப்பூசத்துக்குப் பத்துமலை போகும் மூன்று நாளில் யார் பார்த்துக்கொள்வார்? எஸ்.பி.எம். முடித்து வெளியூர் போனால், அந்தத் தொட்டி யார் பொறுப்பு? பெரும்பாலான வீடுகளில் கடைசியில் அது அம்மாவின் பொறுப்பாகிறது. முதலில் "வேணாம்" என்று சொன்னவரும் அவர்தான்.

பாலம் தாண்டிப் போனால்?

குளுவாங் இளைஞர்கள் பலர் வேலைக்குச் சிங்கப்பூர் போகிறார்கள். பிராணியையும் கூட்டிப் போக முடியுமா? முடியாது. லெப்பர்ட் கெக்கோவையும் பால் பைத்தானையும் அங்கே செல்லப்பிராணியாக வைத்திருக்க அனுமதி இல்லை. சிங்கப்பூர்க் கடையில் சாதாரணமாக வாங்கக்கூடிய ஊர்வன என்றால் அது சிவப்புக் காது ஆமைதான். நம் கணக்கில் கடைசியாக வந்தது, அங்கே அனுமதிக்கப்பட்டதாக இருக்கிறது. கைவிடப்பட்ட ஆமைகள் அங்கே குளங்களிலும் நீர்த்தேக்கங்களிலும் மிதக்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டு உறவினருக்குப் பரிசாகக் கொண்டு போகலாமா என்றால் அதுவும் ஆபத்து. இந்தியாவின் 1972 வனவிலங்குச் சட்டப்படி அங்குள்ள சொந்தக் காட்டு இனங்களை வீட்டில் வளர்க்க முடியாது. நட்சத்திர ஆமைக்கும் இதே நிலைதான். சைட்டிஸ் பட்டியலில் உள்ள வெளிநாட்டு இனங்களை வைத்திருப்பவர்கள் அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் புதிய விதிகளும் வந்தன. பெட்டியில் மறைத்துக் கொண்டு போனால் என்ன ஆகும் என்பதைச் சென்னையிலும் திருச்சியிலும் பார்த்துவிட்டோம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டேன், இப்போ என்ன செய்வது?

பயந்துகொண்டு ஆற்றிலோ, குனோங் லம்பாக் அடிவாரத்திலோ, தோட்டத்திலோ விட்டுவிடாதீர்கள். பண்ணையில் பிறந்த பல்லிக்கு அங்கே உயிர் பிழைக்கத் தெரியாது. ஆமைக்கும் இகுவானாவுக்கும் நன்றாகவே தெரியும். முதலாவது அந்த விலங்குக்குக் கேடு, இரண்டாவது நம் ஆற்றுக்குக் கேடு. காஹாங் வழியாகப் போனால் எண்டாவ் ரொம்பின் காடு இருக்கும் மாவட்டம் இது. வெளிநாட்டு விலங்கை இங்கே விடுவது அந்தக் காட்டுக்கும் நல்லதில்லை.

உரிமம் தேவைப்படும் இனம் என்று சந்தேகம் இருந்தால் பெர்ஹிலித்தானை அழைத்து, ஒப்படைக்கும் வழியைக் கேளுங்கள். உரிமம் தேவையில்லாத இனம் என்றால், அதை வளர்க்கத் தெரிந்த, தொட்டி வைத்திருக்கும் ஒருவரைத் தேடிக் கொடுங்கள்.

இன்னும் வாங்காதவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். தொட்டியை முதலில் வாங்கி, சூட்டையும் ஈரப்பதத்தையும் ஒரு மாதம் தினமும் அளந்து எழுதி வையுங்கள். பல்லி வந்தால் செய்ய வேண்டிய அன்றாட வேலையும் கிட்டத்தட்ட இவ்வளவுதான். மாதம் முடிவதற்குள் மறந்துவிட்டீர்கள் என்றால், உங்களுக்குப் பிடித்த ஊர்வன ஆற்றங்கரை உடும்பாகவே இருக்கட்டும். அதைப் பார்க்க உரிமமும் வேண்டாம், மின்கட்டணமும் ஏறாது.